தாத்தா பாடுன இத்தாலி பாட்டு, புள்ளைங்களுக்கு எப்படி சொல்லிக்குடுக்கறது?

காவேரிப்பட்டணம் பேத்தி:
எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல மெட்ராஸ் சேப்பர்ஸ்ங்கற ராணுவ இன்ஜினியர் படையில இருந்தவரு, இத்தாலி வரைக்கும் போயிட்டு வந்தாரு. அப்புறம் மாந்தோப்பு, கேவுருன்னு விவசாயம்தான். ஆனா களத்துல கேவுரு அடிச்சு முடிஞ்ச சாயங்காலம் வீட்டுப் புள்ளைங்களையெல்லாம் கைகோத்து வட்டமா நிக்க வச்சு "சீரோ சீரோ தோந்தோ, காசுக்கா மோந்தோ"ன்னு பாடிக்கிட்டே சுத்துவாரு, கடைசி வரி வந்ததும் எல்லாரும் பொத்துனு உக்காரணும். அப்பா, அத்தைங்க, பின்னாடி நாங்கன்னு எல்லாரும் அந்தப் பாட்டுலதான் வளந்தோம். இப்ப தாத்தா இல்ல, முழுசா பாடத் தெரிஞ்சது பெரியத்தை ஒருத்தங்கதான். என் பொண்ணு யூகேஜி படிக்கறா. அவளுக்கு சொல்லிக்குடுக்கலாம்னா, நீங்க பாடறது தப்புத்தப்பா இருக்கு யூடியூப்ல அசலையே போட்டுக்காட்டுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, எனக்கு மனசு ஒப்பல. தாத்தா பாடுன மாதிரியே குடுக்கறதா, திருத்திக் குடுக்கறதா? இதை அவரு எங்க கத்துக்கிட்டிருப்பாருன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர்க்காரன்:
வேலை விஷயமா இத்தாலியில டூரின்ல கொஞ்ச நாள் இருந்தேன் சகோதரி, அங்க பார்க்குல சின்னப் புள்ளைங்க எல்லாம் இதைப் பாடித்தான் சுத்துதுங்க. "ஜீரோ ஜீரோ தோந்தோ, காஸ்கா இல் மோந்தோ, காஸ்கா லா தெர்ரா, துத்தி ஜூ பெர் தெர்ரா." வட்டமா சுத்து, உலகம் விழுது, பூமி விழுது, எல்லாரும் தரையில உக்காருன்னு வரும். இத்தன வருஷத்துல உங்க வீட்டுல பெருசா ஒண்ணும் மாறலயே, ஆட்டம் அப்படியே இருக்கு பாருங்க!

தகடூரான்:
1943-க்கும் 1945-க்கும் நடுவுல 4, 8, 10ன்னு மூணு இந்தியன் டிவிஷன் இத்தாலியில சண்டை போட்டுச்சு. ஜெர்மன்காரன் பின்வாங்கறப்ப ஆத்துப் பாலத்தையெல்லாம் வெடி வச்சு ஒடச்சிட்டுப் போவான், அங்க பெய்லி பாலம், அதாவது துண்டு துண்டா கொண்டு வந்து கோக்கற இரும்புப் பாலம் போடறதும் கண்ணிவெடி எடுக்கறதும் சேப்பர்ஸ் வேலை. 1944 கடைசியில பனிக்காலம் வந்து அப்பென்னைன் மலையில பட்டாளம் நகர முடியாம நின்னுருச்சு, அப்பல்லாம் பண்ணை வீடுகள்ல அந்தக் குடும்பங்களோடயே சிப்பாய்ங்க தங்கியிருக்காங்க. புள்ளைங்க இருக்கற வீட்டுல பாட்டு காதுல விழாம இருக்குமா? அவரோட டிஸ்சார்ஜ் புக் வீட்டுல இருந்தா சர்வீஸ் நம்பர் அதுல இருக்கும், அதை வச்சு பெங்களூர்ல எம்.ஈ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதான் மெட்ராஸ் சேப்பர்ஸ்) ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டுப்பாருங்க.

பாலக்கோடு அம்மா:
கண்ணு, திருத்தாத. எங்க ஆயா தெலுங்குல ஒரு தாலாட்டு பாடுவாங்க, இப்ப எங்க வீட்டுல தெலுங்கு பேச ஒருத்தருக்கும் வராது, ஆனாலும் என் பேரன் வரைக்கும் அதைப் பாடித்தான் தூங்க வைக்கறோம், கிருஷ்ணகிரி பக்கம் பாதி வீட்டுல இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். நண்டூருது நரியூருதுகூட எங்கம்மா சொல்றது ஒரு மாதிரி, மாமியார் சொல்றது ஒரு மாதிரி, எது அசல்னு யாரு கேட்டா? யூடியூப்ல இருக்கறது இத்தாலி கொழந்தைங்க பாட்டு, அது எங்கயும் போகாது. உங்க தாத்தா பாடுனது உங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கு, அதை விட்டா போச்சு. மொதல்ல அதைக் குடு, வளந்தப்புறம் அசலையும் கேக்கட்டும். போனைக் கையில குடுத்து கேக்க வைக்காத, நாலு புள்ளைங்களக் கூட்டி வாசல்ல சுத்த விடு, தானா ஒட்டிக்கும்.

காவேரிப்பட்டணம் பேத்தி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பண்ணை வீடுன்னு படிச்சதும் ஒடம்பு சிலிர்த்துருச்சு, பனியில ஒரு கெழவி சுடச்சுட சூப்பு குடுத்துச்சுன்னு தாத்தா சொன்னது ஞாபகம் வருது. ஞாயித்துக்கிழமை பெரியத்தைகிட்ட போயி வாய்ஸ் நோட் எடுத்துக்கறேன்.

ஓசூர்க்காரன்:
வாய்ஸ் மட்டும் பத்தாது, வீடியோ எடுங்க. எந்த வார்த்தையில கையை விடறாங்க, எதுல உக்கார்றாங்கன்னு தெரியணும்ல. உங்க பொண்ணையும் அத்தை கையைப் புடிச்சு சுத்த வச்சே எடுங்க. வாட்ஸ்அப்ல மட்டும் வச்சிருக்காதீங்க, போன் மாத்தறப்ப போயிரும், டிரைவ்ல ஒரு காப்பி போட்டு சொந்தக்காரங்க எல்லாருக்கும் லிங்க் குடுத்துருங்க.