‘லிவிங்’ என்னும் திருச்சபைச் சொல்லுக்குச் ‘சீவிதம்’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருமாரைப் பற்றிய நகைச்சுவைப் புதினங்களில் அடிக்கடி வரும் ‘லிவிங்’ (living) என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு நண்பர்களிடமிருந்து இதுவரை ‘குருப்பதவி’, ‘திருச்சபை மானியம்’, ‘வாழ்வூதியம்’ என்ற மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் என் மொழிபெயர்ப்பில் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. நான்காவதாக ஒரு பழைய சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு சேகரத்தின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி) குருவாக அமர்ந்தவருக்கு, வழிபாடு நடத்தும் கடமையோடு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாக வருவாயும் கோயில் நிலத்தின் பயனும் குடியிருக்கக் குருமனையும் சேர்ந்தே கிடைத்து வந்தன. ஒருமுறை அமர்ந்துவிட்டால், பெருங்குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, ஆயுள் உள்ளவரை அவரை அங்கிருந்து எழுப்புவது அரிது. அமர்த்தும் உரிமையோ பல ஊர்களில் நிலக்கிழாரிடம் இருந்தது. அந்த உரிமை விலைக்கும் போயிற்று. கடமை, வருவாய், வீடு, ஆயுள் உரிமை ஆகிய நான்கையும் ஒரே முடிச்சாகக் கட்டியதுதான் ‘லிவிங்’.

நம் வாசகருக்கு இது புதியது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ வளர்ந்த கிறிஸ்தவருக்கு ‘ஐயர்’ என்றால் சபைக் குரு, பேராயரின் ஆளுகையில் உள்ள திருமண்டலத்தில் சம்பளம் வாங்குபவர், சில ஆண்டுகளில் மாற்றல் வந்ததும் ஐயரம்மாவோடு சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த சேகரத்துக்குப் போகிறவர். அந்த நினைவோடு ‘குருப்பதவி’ என்று படித்தால், கதையின் சிரிப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ புதினத்தில் விக்கம் தனக்கு வாக்களிக்கப்பட்ட ஒரு லிவிங்கை வேண்டாமென்று சொல்லி, அதற்கு ஈடாக 3,000 பவுண்டு பெற்றுக்கொள்கிறான். ‘பதவி வேண்டாம், பணம் கொடுங்கள்’ என்று தமிழில் எழுதினால் அது லஞ்சம் போல ஒலிக்கிறது. அதே புதினத்தின் காலின்ஸ், தனக்கு லிவிங் தந்த சீமாட்டியின் மாளிகைக்கு விருந்தினரை அழைத்துச் செல்லும்போது, முகப்பில் எத்தனை சன்னல்கள், அவற்றுக்குக் கண்ணாடி பதிக்க என்ன செலவாயிற்று என்று விவரித்துக்கொண்டே நடக்கிறார். தன் சோறும் கூரையும் யாருடைய கையிலிருந்து வந்தன என்ற நினைப்பு அவரை விட்டு ஒரு கணமும் அகலவில்லை. அந்த நன்றிக்கடனின் கனத்தை வாசகர் உணர்ந்தால்தான் சன்னல் கணக்கு சிரிப்பை வரவழைக்கும்.

‘ஓய்வுபெற்ற குரு’ என்ற தொடரும் இதனோடு பிணைந்தே வருகிறது. ஜேனின் தந்தை ஜார்ஜ் ஆஸ்டின், ஸ்டீவன்டன் என்ற ஊரின் ரெக்டர், அதாவது அங்கே லிவிங்கை உடைய குரு. 1801இல், ஏறத்தாழ எழுபது வயதில், மனைவியோடும் இரு மகள்களோடும் பாத் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஐந்நூறுக்கு மேற்பட்ட நூல்களை விற்றாக வேண்டியிருந்தது என்பது ஜேனின் கடிதத்திலிருந்து தெரிகிறது. வரலாற்று நூல்கள் இதை ஓய்வு என்றே எழுதுகின்றன. ஆனால் அவர் தம் லிவிங்கைத் துறக்கவில்லை. மூத்த மகன் ஜேம்ஸை அங்கே கியூரேட்டாக, அதாவது சம்பளத்துக்கு அமர்த்தும் உதவிக் குருவாக வைத்துவிட்டு, வருவாயைத் தாமே பெற்று வந்தார். 1805 ஜனவரியில் அவர் இறந்ததும் அந்த வருவாய் ஜேம்ஸுக்குப் போயிற்று. தாயும் மகள்களும் ஆண்மக்களின் உதவியை நம்பி வாழ நேர்ந்தது. குருமார் பதவி விலகி, அதே லிவிங்கின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குவரை ஓய்வூதியமாகப் பெறச் சட்டம் வழிசெய்தது 1871இல்தான். ஆகவே அதற்கு முற்பட்ட கதைகளில் ‘ஓய்வுபெற்ற’ என்று எழுதுமுன், அவர் லிவிங்கை விட்டாரா, ஊரை மட்டும் விட்டாரா என்று பார்க்க வேண்டும். அத்தகைய கதைகளில் முதிய குரு நலமாக இருக்கிறாரா என்று வீட்டார் ஒவ்வொரு காலையும் கேட்பதில் பாசத்தோடு கவலையும் கலந்திருந்ததற்கு, அவர் இறந்தால் வருவாயும் கைவிட்டுப் போகும் என்பதே காரணம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘மானியம்’ ஒரு காலத்தில் பொருந்தியிருக்கும். இன்று அது எரிவாயு உருளையைத்தான் நினைவூட்டுகிறது. ‘வாழ்வூதியம்’ ஓய்வூதியத்தோடு குழம்பும். ‘பிழைப்பூதியம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அரசு அலுவலகங்களில் அது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குத் தரும் தொகை. ‘காணி’ என்ற சொல்லில் எனக்கு ஆசை இருந்தது, ஆனால் காணி வழிவழியாக இறங்கும் உரிமை. லிவிங் ஒருவரின் ஆயுளோடு முடிவது.

நம் கல்வெட்டுகளில் பணி செய்வோரின் பிழைப்புக்காக விடப்பட்ட நிலத்தையும் வருவாயையும் ‘ஜீவிதம்’ என்று குறித்திருக்கிறார்கள். ‘ஜீவிதப்பற்று’ என்ற தொடரும் உண்டு. உயிர்வாழ்தல், பிழைப்பு, பணிக்கு ஈடான உடைமை ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. ஆங்கிலச் சொல்லிலும் அப்படியே. வடமொழி வேர் என்று தயங்குவோருக்கு ‘சீவிதம்’ என்ற தமிழ் வடிவம் உறுத்தாது என நம்புகிறேன்.

இதை ஏற்றால் மற்றவை எளிது. சீவிதத்தை உடையவர் ‘சீவிதக் குரு’. தானியம், வைக்கோல் உட்பட முழுத் தசமபாகமும் பெற்ற ரெக்டர் ‘முழுச்சீவிதக் குரு’. தானியம், வைக்கோல் முதலியவற்றின் பெருந்தசமபாகம் வேறொருவருக்குப் போக, எஞ்சிய சிறுதசமபாகத்தைப் பெற்ற விகார் ‘சிறுசீவிதக் குரு’. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட கியூரேட்டுக்கு வழக்கிலுள்ள ‘உதவிக் குரு’ போதும். உரையாடல்களில் மட்டும் ரெக்டர், விகார் என்றே விட்டுவிடலாம்.

இன்றைய இங்கிலாந்தைப் பற்றிய கதைகளுக்கு இது வேண்டியதில்லை. தசமபாகக் கட்டணத்தை 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1975இல் வகுத்த விதி 70 வயதை ஓய்வு வயதாக்கியது. இன்று குருமனையைக் காலிசெய்துவிட்டு, குரு இல்லாத சேகரங்களில் பேராயரின் இசைவோடு ஆராதனை நடத்தும் முதியவரை ‘ஓய்வுபெற்ற குருவானவர்’ என்று எழுதுவதில் தடையில்லை. அந்த இசைவுக்குப் ‘பணியிசைவு’ என்று என் வரைவில் எழுதியிருக்கிறேன். திருநெல்வேலித் திருமண்டலத்தில் இதற்கு வேறு சொல் வழங்குமானால், அறிந்தவர்கள் தெரிவியுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.