தோப்பு வீட்டார் குழு: இனோக்கி காலமான சனிக்கிழமை

1 அக்டோபர் 2022

கார்த்திக், காலை 9.42
முகமது அலியைத் தோற்கடித்த ஜப்பானிய மல்யுத்த வீரர் இறந்துவிட்டார் என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது உண்மையா, வதந்தியா? உமா மதினி, நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், பார்த்துச் சொல்லுங்கள்.

உமா (டோக்கியோ), 9.50
உண்மைதான் கார்த்திக். அன்டோனியோ இனோக்கி இன்று காலை காலமானார். அவருக்கு வயது 79. அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோயால் அவதிப்பட்டு வந்தார். மருத்துவமனைப் படுக்கையில் மெலிந்து கிடந்த நிலையிலும் காணொளி எடுத்து வெளியிட்டுக்கொண்டிருந்தார்.

வடிவு அத்தை, 9.53
ஆழ்ந்த இரங்கல். நம் அண்ணன் அடிக்கடி சொல்வாரே, அந்த நீண்ட தாடைக்காரரா?

கார்த்திக், 9.54
அவரேதான் அம்மா. மாமா இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

சண்முகம் பெரியப்பா, 10.11
பார்த்துவிட்டேன். முதலில் ஒரு திருத்தம். இனோக்கி அலியைத் தோற்கடிக்கவில்லை. அலியும் அவரைத் தோற்கடிக்கவில்லை. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவின் புடோகான் அரங்கில் 15 சுற்றுகள் நடந்து, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அப்போது எங்கள் கப்பல் யோகோகாமாவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. மாலுமிகள் விடுதித் தொலைக்காட்சியில் எஞ்சின் அறை ஆட்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். முதல் மணி அடித்ததும் இனோக்கி ஓடிவந்து சறுக்கி விழுந்து அலியின் காலை உதைத்தார். பிறகு 15 சுற்றுகளிலும் பெரும்பாலும் மல்லாந்து படுத்தபடியே உதைத்துக்கொண்டிருந்தார். அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள், அரங்கில் இருந்தவர்களோ கையில் கிடைத்த குப்பையை மேடை மீது எறிந்தார்கள். நான் கடைசிவரை இருந்தேன். அலியின் இடது கால் முழங்காலைச் சுற்றி வீங்கி வருவது திரையிலேயே தெரிந்தது.

ராஜாமணி சித்தப்பா, 10.15
அண்ணன், இந்த வகை மல்யுத்தம் முன்கூட்டியே பேசி வைத்து நடத்தும் காட்சி என்பது ஊரறிந்த செய்தி. அதற்காக இவ்வளவு வருந்த வேண்டுமா?

முத்துலட்சுமி பெரியம்மா, 10.17
உமா, நீ தீபாவளிக்கு வருகிறாயா இல்லையா? வந்தால் சாலன்பாஸ் வலிப் பட்டை வாங்கி வா. போன முறை கொண்டுவந்தது தீர்ந்துவிட்டது.

உமா (டோக்கியோ), 10.18
விடுப்புக் கேட்டிருக்கிறேன் பெரியம்மா. இன்னும் உறுதியாகவில்லை.

சண்முகம் பெரியப்பா, 10.29
ராஜாமணி, நீ சொல்வது பொதுவாகச் சரி. தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வியை முன்பே முடிவு செய்துகொள்வார்கள். வீரரின் திறமை அதை உடலால் நம்பவைப்பதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. பேசி வைத்திருந்தால் பார்ப்பவர்களுக்கு விருந்தாக அமைத்திருப்பார்களே. யாராவது 15 சுற்றுகள் தரையில் படுத்துக் கிடக்கத் திட்டம் போடுவார்களா? உலகக் குத்துச்சண்டை வாகையரின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க முடியாத ஒருவர், தமக்கு விடப்பட்டிருந்த விதிகளுக்குள் கண்டுபிடித்த ஒரே வழி அது. மறுநாள் பத்திரிகைகள் அதை நூற்றாண்டின் அலுப்பூட்டும் ஆட்டம் என்று எழுதின. அலியோ காலில் இரத்தம் உறைந்து மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. தவறுகளுக்காக இனோக்கியின் கணக்கில் புள்ளிகளைக் கழித்திருக்காவிட்டால் அவரே வென்றிருப்பார். அந்த ஆட்டத்தால் அவருடைய நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்துக்குப் பெருங்கடன் வந்து சேர்ந்தது. அவருடைய வாழ்க்கையில் மிக நேர்மையான ஆட்டம் எது என்று கேட்டால், எல்லோரும் ஏசிய அந்த ஆட்டத்தையே நான் சொல்வேன்.

கார்த்திக், 10.32
மாமா சொல்வது சரிதான். இன்றைய கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளுக்கு அதுவே முன்னோடி என்கிறார்கள். ஹல்க் ஹோகன் அடித்து, இனோக்கி நாக்கு வெளியே தொங்க மயங்கிக் கிடந்த 1983ஆம் ஆண்டு ஆட்டத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வடிவு அத்தை, 10.34
இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. நான் நவதிருப்பதிக்குப் புறப்படுகிறேன். யாராவது வருவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், வண்டியில் இடம் இருக்கிறது.

உமா (டோக்கியோ), 10.36
பெரியப்பா, அவருக்கும் பிரேசிலுக்கும் என்ன தொடர்பு? செய்தியில் திரும்பத் திரும்பக் காபித் தோட்டத்தைக் காட்டுகிறார்கள்.

சண்முகம் பெரியப்பா, 10.52
நல்ல கேள்வி உமா. அவர் 1943இல் யோகோகாமாவில் பிறந்தவர். இயற்பெயர் இனோக்கி கன்ஜி. தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். போருக்குப் பிறகு வறுமையில் விழுந்த குடும்பம், 1957இல், அவருக்கு 14 வயதாக இருந்தபோது பிரேசிலுக்குக் கப்பலேறியது. பேரன் மீது உயிராக இருந்த தாத்தா கரையைக் காணாமல் வழியிலேயே இறந்துபோனார். சாவோ பாவ்லோ பக்கம் காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்த பையன், குண்டு எறிதலிலும் வட்டெறிதலிலும் பெயரெடுத்தான். 1960இல் அங்கு வந்த மல்யுத்த வீரர் ரிக்கிடோசான் அவனைப் பார்த்து, சீடனாக ஜப்பானுக்கே திரும்ப அழைத்துவந்தார். போருக்குப் பின் துவண்டு கிடந்த ஜப்பானியர்கள் தெருவோரத் தொலைக்காட்சிகளின் முன் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தது ரிக்கிடோசானின் மல்யுத்தத்தைத்தான். அவர் பிறந்ததோ கொரியாவில்; அதை அவர் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத காலம் அது. 1963இல் ஓர் இரவு விடுதியில் கத்திக்குத்துப்பட்டு, ஒரு வாரத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 39. இனோக்கிக்கு 20தான்.

ராஜாமணி சித்தப்பா, 10.57
இனோக்கியின் தாத்தா கப்பலில் இறந்தது உங்களுக்கு இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறது. நம் அப்பா இறந்தபோது நீங்களும் கப்பலில்தான் இருந்தீர்கள் அண்ணன். கொள்ளி வைத்தது நான்.

வடிவு அத்தை, 10.58
ராஜாமணி, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள்.

சண்முகம் பெரியப்பா, 11.06
அவன் சொல்லட்டும் வடிவு, அவனுக்கு உரிமை உண்டு. தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பாரத்தை அவன் சுமந்தான் என்பதை நான் என்றும் மறந்ததில்லை.

உமா (டோக்கியோ), 11.09
என் அலுவலகத்தில் ஒரு மூத்தவர், மாணவராக இருந்தபோது இனோக்கியிடம் கன்னத்தில் அறை வாங்கியதைப் பெருமையாகச் சொல்வார். அவர் கையால் அறை வாங்கினால் மன உறுதி வரும் என்று இளைஞர்கள் வரிசையில் நிற்பார்களாம்.

ராஜாமணி சித்தப்பா, 11.14
இவர் பாகிஸ்தானுக்குப் போய் ஒருவரின் கையை உடைத்தவர் என்றும் படித்தேன். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

சண்முகம் பெரியப்பா, 11.31
கட்டாயம் சொல்ல வேண்டும். 1976 டிசம்பரில் கராச்சியில் அக்ரம் பயில்வானின் கையை முறுக்கிச் சிதைத்தார். புகழ்பெற்ற போலு பயில்வானின் குடும்பத்துக்கு அது பெரும் அவமானம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜாரா வளர்ந்து, 1979இல் லாகூரில் இனோக்கியை எதிர்த்து நின்றார். ஆட்டம் முடிந்ததும் அந்த இளைஞரின் கையை இனோக்கி தாமே உயர்த்திப் பிடித்தார். பல ஆண்டுகள் கழித்து, ஜாராவின் சகோதரர் மகனை ஜப்பானுக்கு வரவழைத்துப் படிக்கவும் பயிலவும் வழி செய்தார். எதிர்த்து நின்றவர்களிடம் பகையை வளர்க்காத குணம் அது. 1998இல் டோக்கியோ டோமில் அவர் ஓய்வுபெற்ற நாளில் அலியும் வந்திருந்தார். நோயால் கை நடுங்கிக்கொண்டிருந்த நிலையிலும் வந்தார். இருவரில் ஒருவராவது முந்தைய ஆட்டத்தை மனக்கசப்பாக வைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

கார்த்திக், 11.34
அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார் அல்லவா மாமா?

சண்முகம் பெரியப்பா, 11.48
இரண்டு முறை மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1989இலும் 2013இலும். 1990இல் சதாம் உசேன் வெளிநாட்டவரை ஈராக்கில் பிடித்து வைத்திருந்தபோது, அரசு விரும்பாத நிலையிலும் பாக்தாத் சென்று, அங்கே அமைதி விழா ஒன்றை நடத்தி, ஜப்பானியப் பிணைக்கைதிகளை மீட்டுவந்தார். 1995 ஏப்ரலில் வடகொரியாவின் பியாங்யாங்கில் இரண்டு நாள் மல்யுத்த விழா நடத்தினார். அங்கும் அலி வந்திருந்தார். ஆனால் ஒப்புதல் இல்லாமல் வடகொரியா போனதற்காக 2013இல் அவை அவரை 30 நாள் நீக்கி வைத்தது. அந்நாட்டு ஆட்சியாளர்களுக்கு அவர் விளம்பரம் தேடித்தருகிறார் என்ற குற்றச்சாட்டை நான் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். ஆயினும் அது தம் குருநாதர் பிறந்த மண் என்பதால்தான் அவர் அங்கே போய்க்கொண்டிருந்தார். ரிக்கிடோசானால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஊர்ப் பெயரைச் சீடர் உலகறியச் சொன்னார்.

முத்துலட்சுமி பெரியம்மா, 11.50
இட்லி ஆறிவிட்டது. அவரைச் சாப்பிடச் சொல்லி யாராவது எழுதுங்கள். நான் சொன்னால் கேட்பதில்லை.

ராஜாமணி சித்தப்பா, 11.52
சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள் அண்ணன். மாத்திரை போட வேண்டுமே.

சண்முகம் பெரியப்பா, மதியம் 12.20
சாப்பிட்டேன். உமா, உன்னிடம் ஒரு வேண்டுகோள். இனோக்கிக்கு அஞ்சலி எங்கே, எப்போது என்று தெரிய நாளாகும். ஆனால் நீ இருக்கும் ஓட்டா வட்டத்திலேயே இக்கெகாமி ஹொன்மொன்ஜி கோயில் இருக்கிறது. 96 கற்படிகள் ஏற வேண்டும். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ரிக்கிடோசானின் சமாதி உண்டு. கைகளைக் கட்டிக்கொண்டிருக்கும் வெண்கல மார்பளவுச் சிலை வைத்திருப்பார்கள். நாளை ஞாயிறுதானே, என் சார்பில் அங்கே பூ வைத்து ஊதுவத்தி ஏற்றிவர முடியுமா? சீடருக்குரிய மரியாதையைக் குருவிடம் செலுத்துவதில் தவறில்லை.

உமா (டோக்கியோ), 12.24
போகிறேன் பெரியப்பா. வீட்டிலிருந்து இரண்டு நிலையம்தான். ஆனால் நாளை மதியம் அலுவலகத் தோழியின் வீடு மாற்ற உதவுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வடிவு அத்தை, 12.27
புரட்டாசி மாதத்தில் கல்லறைக்குப் போகலாமா? ஜோசியரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார்த்திக், 12.28
அது கோயிலுக்குள் இருக்கும் சமாதி அம்மா. போகலாம்.

உமா (டோக்கியோ), 12.31
எந்தப் பூ வைக்க வேண்டும்? இங்கே சாமந்தி கிடைக்கும்.

சண்முகம் பெரியப்பா, 12.33
சாமந்தியே போதும். வெள்ளை கிடைத்தால் நல்லது.

ராஜாமணி சித்தப்பா, 12.40
உமா, நாளைக்கு முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு போ, அவசரப்பட வேண்டாம். போகும்போது எனக்குக் காணொளி அழைப்புப் போடு. அண்ணனையும் அதில் சேர்த்துக்கொள். நாள் எது என்பதை இரவு பேசிக்கொள்வோம்.

முத்துலட்சுமி பெரியம்மா, 12.41
சாலன்பாஸ் பெரிய அளவு உமா. சிறியது முதுகுக்குப் பற்றவில்லை.