தம்பிக்கு 68% வருகை, தங்கைக்குச் சான்றிதழ் தர மறுப்பு: விதிப்படி என்ன செய்யலாம்?

(மன்ற உரையாடல்: ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் பெயர் அல்லது புனைபெயர்)

தேனி செல்வி (2024 செப்டம்பர் 12)

வணக்கம். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்ந்தாற்போல் சிக்கல்.

தம்பி அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. மூன்றாம் பருவம் படிக்கிறான். தன்னாட்சிக் கல்லூரி இல்லை, 2021 ஒழுங்குமுறை. டெங்குவில் ஒன்பது நாள் போய்விட்டது. இதுவரை நடந்த 200 பீரியடில் 136 மட்டும் வருகை. "மெடிக்கல் கொடுத்தா ஏறிடும்" என்று தைரியமாக இருக்கிறான். இரண்டாம் பருவத்தில் ஓர் அரியரும் (தேறாமல் நிற்கும் தாள்) இருக்கிறது. அதில் இன்டர்னல் (கல்லூரி போடும் அகமதிப்பெண்) 40க்கு 18.

சித்தி மகள் ஒரு சுயநிதிக் கலைக் கல்லூரியில் முதல் வருடக் கட்டணம் கட்டிச் சேர்ந்தாள். இப்போது அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பழைய கல்லூரியில் மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் மாட்டிக்கொண்டன. "மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால் தருவோம்" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்குமார் பி.இ.

ஒவ்வொரு பாடத்திலும் 75% இருக்க வேண்டும். ஒரு பாடத்தில் குறைந்தாலும் அந்தத் தாளை எழுத விடமாட்டார்கள்.

வருகைப் பதிவேடு

ராம்குமார் சொல்வது பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத் துறைகளுக்கும் சில தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையில் பார்ப்பது பருவத்தின் மொத்த வருகையை. அது 75%, அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தி. அதாவது 74.5 வந்தால் 75 என்று கணக்கு.

செல்வி, தம்பி நினைப்பதில்தான் பெரிய ஆபத்து. மருத்துவச் சான்று கொடுத்தால் வராத நாள் வந்த நாளாக மாறாது. 68 என்பது 68 ஆகவே இருக்கும். 65 முதல் 74 வரை உள்ளவர், நீண்ட நாள் மருத்துவமனைச் சிகிச்சை, விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களை நிரூபித்தால் தேர்வெழுத அனுமதி உண்டு. சான்று செய்யும் வேலை அவ்வளவுதான். 65க்குக் கீழே இறங்கிவிட்டால் எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை. அந்தப் பருவத் தேர்வு முழுவதும் போகும், அடுத்த பருவத்துக்கும் நகர முடியாது, அடுத்த கல்வியாண்டில் அதே பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு வருடம் போய்விடும்.

அதனால் சான்றை நம்பாமல் 75ஐத் தொடப் பார்ப்பதே நல்லது. பருவத்துக்கு மொத்தம் 500 பீரியட் என்று வைத்துக்கொள்வோம் (சரியான எண்ணை வகுப்பு ஆலோசகரிடம் கேளுங்கள்). 74.5%க்கு 373 பீரியட் வேண்டும். கையில் 136. மீதி 300இல் 237க்குப் போக வேண்டும், 63 விடலாம். நாளுக்கு ஏழு பீரியட் என்றால் ஒன்பது நாள். எட்டிப் பிடிக்கக்கூடிய கணக்குதான். ஆனால் தீபாவளிக்கு ஊருக்கு வந்து நாலு நாள் சேர்த்துத் தங்கினால் அந்த ஒன்பதில் பாதி தீர்ந்துவிடும். இன்னொரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து, நான்கைந்து நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சான்றை இப்போதே கொடுத்துவிடுங்கள், பருவ முடிவுவரை வைத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவு, பதிவு பெற்ற மருத்துவரின் சான்று மூன்றும் இருக்கட்டும். பெரும்பாலும் தடுக்கி விழுவது தேதியில். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐந்து நாள் இருக்கும், வராதது ஒன்பது நாள் இருக்கும். மீதி நான்கு நாளுக்கு "ஓய்வு தேவை" என்று அதே மருத்துவர் தேதி போட்டு எழுதியிருக்க வேண்டும். முதல்வர் சான்றொப்பமிட்ட பிறகு அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பதிவுக்காகப் போகும். அனுப்பியாகிவிட்டதா என்று துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓ.டி.யும் (கல்லூரி சார்பாக வெளியே போகும் நாளுக்கான 'ஆன் டூட்டி' அனுமதி) இப்படித்தான். சிம்போசியம், விளையாட்டு எதுவாக இருந்தாலும் போகும் முன்பே ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆசிரியர்கள் வருகை, மதிப்பீட்டுப் பதிவேட்டைப் பருவத்தில் குறைந்தது மூன்று முறை துறைத் தலைவரிடம் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து கையெழுத்தாகிவிட்டால், வந்த நாளுக்கு ஆப்சென்ட் விழுந்ததைத் திருத்துவது பெரும்பாடு. வாரம் ஒரு முறை தன் எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் தம்பிக்கு வர வேண்டும்.

இன்னொன்று. வருகைக் குறைவால் ஒரே ஒரு பருவத்தில் தேர்வுக்குத் தடை வந்தாலும் 'டிஸ்டிங்ஷன்' வகுப்பு கிடைக்காது. அரியர் விழுந்ததால் தம்பிக்கு அது முன்பே போய்விட்டது, ஏனென்றால் எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். முதல் வகுப்புக்கு வழி அடைபடவில்லை. ஐந்து ஆண்டுக்குள் முடித்து சி.ஜி.பி.ஏ. (எல்லாப் பருவத்துக்குமான சராசரித் தரப்புள்ளி) 6.5 வைத்திருந்தால் போதும்.

எண்ட் செம்

அரியர் கணக்கு. எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. தேர்வை 100க்கு எழுதுவான், அது 60க்குச் சுருங்கும். தேற இரண்டு நிபந்தனை: தேர்வில் மட்டும் 45%, கூட்டலில் 50. இன்டர்னல் 23 இருந்தால் தாளில் 45 எடுத்தால் போதும் (27 + 23 = 50). தம்பிக்கு 18தான், ஆகவே மீதி 32ஐ 60இல் எடுக்க வேண்டும். நூற்றுக்கு 53.3 ஆகிறது, 54 என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாற்பத்தைந்து எடுத்தா பாஸ்" என்று 48 எடுத்துவிட்டு மறுபடி விழுகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

முதல் முயற்சியின் இன்டர்னல் அப்படியே தொடரும். மூன்றாவது முயற்சியிலிருந்து ஒரு சலுகை இருக்கிறது. கூட்டலில் தேறாவிட்டாலும் பருவத் தேர்வில் மட்டும் 50% எடுத்தால் தேர்ச்சி.

தேர்வுப் பதிவின்போது நடப்புத் தாள்களோடு அரியரையும் கட்டாயம் பதிய வேண்டும். "இந்த முறை படிக்கவில்லை, அடுத்த முறை கட்டலாம்" என்று விட்டால் மேல் பருவத்துக்கு நகர்வதே நின்றுவிடும்.

தேர்வு முடிவில் சந்தேகம் வந்தால் நேரே ரீவேல் (மறுமதிப்பீடு) போட முடியாது. முதலில் விடைத்தாளின் ஃபோட்டோகாப்பிக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அது வந்ததும் அந்தப் பாடம் நடத்திய ஆசிரியர் கேள்வி வாரியாக மதிப்பெண் போட்டுப் பரிந்துரைக்க வேண்டும். அதன் பிறகுதான் மறுமதிப்பீடு. அதிலும் திருப்தியில்லை என்றால் ரிவ்யூ. ஃபோட்டோகாப்பிக்கான கடைசி நாளை விட்டவருக்கு மற்ற கதவுகளும் மூடிவிடும். ஆய்வகத் தேர்வுக்கும் ப்ராஜெக்டுக்கும் மறுமதிப்பீடு கிடையாது.

சான்றிதழ் உரிமை

சித்தி மகள் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. மூலச் சான்றிதழைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டணத்தை அந்தப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம். அப்படியிருக்க, படிக்கப்போகாத இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்குப் பணம் கேட்க இடமே இல்லை. விலகுகிறவருக்குக் கட்டணம் திரும்ப வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் முன்போ எழுதிக் கொடுத்தால் முழுத் தொகை (செயல்பாட்டுச் செலவாக 5%, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்), 15 நாளுக்குள் என்றால் 90%, கடைசி நாள் தாண்டி 15 நாள்வரை 80%, 30 நாள்வரை 50%, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காப்புத் தொகை எப்போதும் முழுதாகத் திரும்ப வேண்டும்.

இந்த 2024-25 ஆண்டுக்கு இதைவிடச் சாதகமான சுற்றறிக்கை வந்திருக்கிறது. செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணம், அக்டோபர் 31வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. இன்று 12ஆம் தேதி. பதினெட்டு நாள் இருக்கிறது, ஆனால் நாளைக்கே கடிதம் கொடுங்கள்.

கடிதத்தில் சேர்க்கை எண், ரசீது எண்களும் தொகைகளும், விலகும் தேதி, வங்கிக் கணக்கு, அவர்களிடம் இருக்கும் சான்றிதழ்களின் பட்டியல் எல்லாம் இருக்கட்டும். விடுதி, பேருந்துக்குக் கட்டியிருந்தால் தனி வரியில் எழுதுங்கள். மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட்டு இரண்டு படி எடுத்து, ஒன்றில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வகுப்புக்குப் போகாமல் நிற்பதோ, போனில் சொல்வதோ விலகலாகாது. விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதால் அந்த முத்திரைத் தேதிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

"சான்றிதழ் தருகிறோம், கட்டணம் வேண்டாம் என்று எழுதிக் கொடு" என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள்.

தேனி செல்வி

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் கணக்கைக் காட்டினேன், முகம் மாறிவிட்டது. சித்தப்பா இன்று கடிதத்தோடு போனார். அலுவலகத்தில் வாங்கவே மறுத்துவிட்டார்கள். அரசுக் கல்லூரியில் வேறு டி.சி. கேட்கிறார்கள்.

சான்றிதழ் உரிமை

அதே கடிதத்தை முதல்வர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, இணையத்தில் 'டெலிவர்டு' என்று வந்த பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். அதையே ஸ்கேன் செய்து கல்லூரி மின்னஞ்சலுக்கும், அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் இன்றே அனுப்புங்கள்.

அடுத்து, மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு ஒரு புகார். 2023ஆம் ஆண்டு மானியக் குழு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். படிக்க விரும்பாத படிப்புக்குக் கட்டணம் கட்ட வைப்பதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைப்பது அதிலேயே குறையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. இயன்றவரை 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். முடிவு பாதகமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பர்சனிடம் (மாணவர் குறைகளை விசாரிக்கும் அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். மானியக் குழுவின் இ-சமாதான் என்ற இணையப் புகார் தளத்திலும் இணையாகப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரியில் இந்த அத்தாட்சிகளின் நகலை இணைத்து, டி.சி. தரக் குறிப்பிட்ட நாள்வரை அவகாசம் கேட்டு உறுதிமொழிக் கடிதம் கொடுங்கள். பள்ளி டி.சி.யை வாங்கிக்கொண்ட கல்லூரி, போகும்போது தன் பெயரில் புது டி.சி. எழுதித் தருவதும் உண்டு. எது வந்தாலும் அதில் பெயர், பிறந்த தேதி, விலகிய தேதி மூன்றையும் அங்கேயே நின்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எண்ட் செம்

ஒன்று சேர்க்கிறேன். தங்கை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பழைய கல்லூரியில் அதற்குப் பதிந்திருந்தால், தங்கள் பதிவிலிருந்து பெயரை விடுவிக்கும்படி அதே கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.