ஏழாம் மாசத்துல மூலக்கடுப்பு: வலிக்குப் பாதுகாப்பா என்ன பண்ணலாமுங்க?

பவானிக்கரை:
சம்சாரத்துக்கு 30 வாரமுங்க. ரெண்டு வாரமா மலச்சிக்கல். இப்ப ஆசனவாய்ல பட்டாணி அளவு சதை வெளிய வந்து நிக்குது. உக்காந்தா எரியுது, போகும்போது ரெண்டு மூணு சொட்டு ரத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்த இரும்பு மாத்திரையும் கால்சியமும் எடுத்துக்கறாங்க. அடுத்த செக்கப் வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் வலிக்கு என்ன வழி? எங்கம்மா விளக்கெண்ணெய் ஒரு கரண்டி குடுக்கச் சொல்றாங்க. மருந்துக்கடையில மூலத்துக்குன்னு ஆயின்மென்ட்டும் மாத்திரையும் எடுத்து வெச்சாங்க, இன்னும் வாங்கலை. இரும்பு மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமுங்களா?

செவிலி தாராபுரம்:
முதல்ல விளக்கெண்ணெய் வேண்டாமுங்க. நம்ம பக்கம் வயித்தைச் சுத்தம் பண்ண அதைக் குடுக்கறது வழக்கம்தான். ஆனா அது குடலைச் சுருட்டி இழுத்து வேலை செய்யற எண்ணெய், கர்ப்பப்பையையும் சேர்த்துச் சுருங்க வைக்கும். 30 வாரத்துல அது ஆபத்து. நிலாவாரைப் பொடி, கடுக்காய்ப் பொடியும் தானா குடுக்காதீங்க.

வலிக்கு உடனே கேக்கறது வெந்நீர்ல உக்கார்றதுதான். அகலமான பிளாஸ்டிக் பேசின்ல நாலு விரக்கடை தண்ணி. முழங்கையை விட்டுப் பார்த்தா இதமா இருக்கணும், சுடக்கூடாது. சூடு அதிகமானா தலை சுத்தும். தரையில பேசினை வெச்சுக் குந்தச் சொல்லாதீங்க. இந்த வயித்தோட எந்திரிக்கும்போது வழுக்கும். வெஸ்டர்ன் டாய்லெட் சீட் மேல பேசினைப் பொருத்தி, பக்கத்துல ஒருத்தர் நில்லுங்க. 10 முதல் 15 நிமிசம், ஒரு நாளைக்கு மூணு தடவை. அதுல ஒண்ணு மலம் கழிச்ச உடனே இருக்கணும். உப்பு, டெட்டால், பெர்மாங்கனேட் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணியே போதும், மத்ததெல்லாம் புண்ணை எரிக்கும். பொறவு பருத்தித் துணியில ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வீக்கம் அதிகமா இருந்தா ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி 5 முதல் 10 நிமிசம் வைக்கலாம்.

வெந்நீருக்குப் பொறவு சதை மெத்துன்னு இருந்தா, சுத்தமான விரல்ல வாஸ்லின் தடவி மெல்ல உள்ள தள்ளலாம். கெட்டியா, நீலமா, தொட்டாலே துடிக்கிற மாதிரி இருந்தா தொடவே வேண்டாம்.

மாத்திரைச் சீட்டு:
கடையில எடுத்து வெச்ச மாத்திரையோட பேரைப் பாருங்க. கால்சியம் டோபெசிலேட்னு இருந்தா கர்ப்பத்துல வேண்டாமுங்க. பேருல கால்சியம் இருக்குதேன்னு சத்து மாத்திரைன்னு நினைச்சுடாதீங்க. ஆயின்மென்ட்ல லிக்னோகெய்ன் மட்டும் இருந்தா, டாக்டரைக் கேட்டுட்டு, கழுவித் துடைச்ச பொறவு பட்டாணி அளவு வெளிப்பக்கம் தடவலாம். நாள்தோறும் ரெண்டு தடவை, சில நாள் போதும். அது மரத்துப்போக வைக்குமே தவிர மூலத்தைச் சுருக்காது. ஹைட்ரோகார்டிசோன் கலந்ததை டாக்டர் சொன்னா மட்டும், அதுவும் ஒரு வாரத்துக்கு மேல போடக்கூடாது. போட்டா தோல் மெலிஞ்சுடும்.

வலி தாங்கலைன்னா பாரசிட்டமால் 500, ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு. டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் கூடவே கூடாது. 20 வாரத்துக்குப் பொறவு குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சுப் பனிக்குடத் தண்ணியைக் குறைக்கும். கடைசி மாசங்கள்ல குழந்தையோட இதயத்துப் பக்கத்து ரத்தக்குழாயும் முன்கூட்டியே சுருங்கும்.

இரும்பு மாத்திரையை நிறுத்தாதீங்க. அரசு குடுக்கற மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பு இருக்குது. மலத்தை இறுக்கும், கருப்பாக்கும், உண்மைதான். ஆனா ரத்தசோகையோட பிரசவத்துக்குப் போறது அதைவிடப் பெரிய ஆபத்து. வேற வகை இரும்பு தரலாமா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமான்னு வெள்ளிக்கிழமை கேளுங்க. சிலருக்கு ஊசி வழியா இரும்பு ஏத்துவாங்க.

பவானிக்கரை:
ரொம்ப நன்றிங்க. மலம் இளக இசப்கோல் குடுக்கலாமுங்களா? எவ்வளவு? சாப்பாட்டுல என்ன மாத்தணும்? காத்து அடிச்ச வட்டத் தலகாணி வாங்கலாமான்னும் கேட்டாங்க.

கம்பங்கூழ்:
இசப்கோல் நல்லதுங்க. ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிங்க. ஒரு முழு டம்ளர் தண்ணியில கலக்கின உடனே, கூழாகறதுக்குள்ள குடிச்சுடணும், மேல இன்னொரு டம்ளர் தண்ணி. இங்கதான் நிறையப் பேரு தப்புப் பண்றாங்க. தண்ணி குறைஞ்சா அது குடல்லயே கெட்டிப்பட்டு அடைச்சுக்கும். பலன் தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும், முதல் நாளே போகலைன்னு அளவைக் கூட்டாதீங்க. மாத்திரைகளுக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். இது போதலைன்னா லாக்டுலோஸ் சிரப் எழுதித் தருவாங்க, அது கர்ப்பத்துல குடுக்கறதுதான்.

சாப்பாட்டுக்கு நம்ம ஊர்ச் சாமானே போதும். காலையில மோர் ஊத்தின கம்பங்கூழ், மத்தியானம் கீரைக் கடைசலோ அரசாணிக்காய் பொரியலோ, சாயங்காலம் கொய்யா, பச்சைப்பயிறு சுண்டல். ஒரே நாள்ல எல்லாத்தையும் ஏத்தினா வயிறு உப்பும், ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. பரோட்டாவும் பேக்கரிப் பண்டமும் இப்போதைக்கு வேண்டாம். தண்ணி ரெண்டரை லிட்டர்.

வட்டத் தலகாணி வேண்டாமுங்க. நடு ஓட்டையில சதை தொங்கி ரத்தம் தேங்கும். சாதாரண மெத்தென்ற தலகாணி போதும். மத்தியானம் அரை மணி நேரம் இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா அடிவயித்து ரத்தக்குழாய் மேல பாரம் குறையும்.

செவிலி தாராபுரம்:
டாய்லெட்ல உக்கார்ற முறையும் முக்கியமுங்க. சாப்பிட்டு அரை மணிக்குள்ள குடல் தானா அசையும், அந்த நேரத்தை விடக்கூடாது. காலுக்கு அடியில ஒரு மணைக்கட்டை, முழங்கால் இடுப்பை விட உசரமா. மூச்சை அடக்கி முக்கக் கூடாது. அஞ்சு நிமிசத்துல வரலைன்னா எந்திரிச்சுடணும், போனை உள்ள கொண்டு போகவே வேண்டாம். பைப் தண்ணியை வேகமாப் பீய்ச்சாம மெல்ல ஊத்திக் கழுவச் சொல்லுங்க.

ஒண்ணு உறுதி பண்ணிக்கோங்க: ரத்தம் ஆசனவாய்ல இருந்துதான் வருதா? வெள்ளைத் துணி வெச்சுப் பாருங்க. பிறப்புறுப்புல இருந்துன்னா, எங்கேன்னே தெரியலைன்னாலும், 108-ஐக் கூப்பிடுங்க. திடீர்னு நீலமா ஒரு கட்டி வந்து வலி உச்சத்துல இருந்தா உறைஞ்ச ரத்தம். முதல் மூணு நாளுக்குள்ள போனாத்தான் சின்னதாக் கீறி எடுக்க முடியும். காய்ச்சல், சீழ், தலைசுத்தல், தாரையா ரத்தம், இதெல்லாம் அன்னைக்கே காட்ட வேண்டியது. கண்ணாடி கிழிக்கிற மாதிரி வலிச்சு, போன பொறவும் ஒரு மணி நேரம் நீடிச்சா அது மூலமில்லாம ஆசனவாய்த் தோல் வெடிப்பா இருக்கலாம். மருந்தே வேற. அதனால கூச்சப்படாம டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க.

பவானிக்கரை:
அப்ப இரும்பை ராத்திரி, கால்சியத்தைக் காலையிலயும் மத்தியானமும் சாப்பாட்டோட, இசப்கோல் சாயங்காலம் 5 மணிக்கு. சரிங்களா?

மாத்திரைச் சீட்டு:
சரிங்க. இரும்பு போடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம். எலுமிச்சைத் தண்ணியோட போட்டா நல்லா உறிஞ்சும்.