10811 ஓவன் ஒசிலேற்றர்: கரண்ட் போய் வந்தால் எதை நம்பிச் சரிபார்க்கிறது?

கல்லடிப்பாலம்
பழைய அதிர்வெண் கவுண்டரில் இருந்து கழற்றின எச்.பி 10811, கிறிஸ்டலை ஓவனில ஒரே சூட்டில வைச்சிருக்கிற ஒசிலேற்றர். 10 மெகாஹேர்ட்ஸ், எஸ்.சி வெட்டுக் கிறிஸ்டல். ஓவனுக்கு 24 வோல்ட், ஒசிலேற்றருக்கு 12 வோல்ட் குடுக்கிறன். கரண்ட் போய் வாற ஒவ்வொரு தடவையும் கவுண்டரில கடைசி இலக்கம் வேற இடத்தில நிற்குது. அதைவிடக் கையில இருக்கிறது நியோ-7எம் ஜீபீஎஸ் மொடியூலும் ஒரு ஸ்கோப்பும். மொடியூலையே 10 மெகாஹேர்ட்ஸ் தர வைத்து ஒப்பிட்டால் காணுமா? மற்றது, இந்த வெக்கைக்கு றெஜிபோம் பெட்டிக்குள்ள வைக்கலாமா?

வாவிக்கரை
முதல்ல அதிர்வெண்ணைச் சரிசெய்யிற திருகாணியில கை வைக்காதீங்க. அணைத்து மூட்டினால் கிறிஸ்டல் பழைய இடத்துக்கே அச்சொட்டாகத் திரும்பாது, அது அதன் குணம். கரண்ட் நிற்காமல் ரெண்டு கிழமையாவது ஓடட்டும், மறுகா திருகலாம்.

அதுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி ரெண்டைத் தொடராகப் போடுங்க. 25 பாகைக்கு ஒரு பற்றரி 13.6 வோல்ட் என்றால், நம்மட 32 பாகைக்கு 13.5 போதும். ரெண்டும் சேர்ந்து 27 வோல்ட். ஓவன் 20 தொடக்கம் 30 வரை தாங்கும். சூடேறும்போது அரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஆகவே 1 ஆம்பியர் சார்ஜர் வேணும். சூடேறி முடிஞ்சால் ரெண்டு வாட்டுக்குள்ள அடங்கிடும். 12 வோல்ட்டை 7812 றெகுலேற்றரில எடுங்க, சின்ன ஹீற்சிங்க் போதும். ஒன்றரை நாள் மின்வெட்டையும் இது தாண்டும்.

வோல்ட் குடுத்து அதிர்வெண்ணை நுணுக்கமா மாத்துற ஈ.எப்.சி முனையைத் தொங்க விடக்கூடாது. பாவிக்காட்டி கிறவுண்டில கட்டுங்க.

ஓவன் லைனில கரண்டே இழுக்காட்டி, உள்ளுக்குள்ள இருக்கிற வெப்ப பியூஸ் போயிருக்கும். பழைய 10811களில அடிக்கடி போறது அதுதான்.

காத்தான்குடி_50ஓம்
7எம்மின் 10 மெகாஹேர்ட்ஸ் வேணாம். உள்ள ஓடுறது 48 மெகாஹேர்ட்ஸ். அது பத்தால மீதியில்லாமப் பிரியாது, அதனால சில அலை 4 துடிப்பு, மற்றதுகள் 5 துடிப்பு என்று 21 நானோ செக்கன் துள்ளும். 8 மெகாஹேர்ட்ஸ் என்றால் ஆறால சுத்தமாகப் பிரியும். உங்கட வேலைக்கு 1 பீ.பீ.எஸ், அதாவது மொடியூல் செக்கனுக்கு ஒருக்காத் தாற துடிப்பு, போதும்.

10811இன்ட வெளியீட்டை 50 ஓமில முடிச்சுப் போட்டு, 10 நானோபரட் ஊடாக 74எச்.சி.யூ04 இன்வேற்றர் சிப்புக்கு குடுங்க. அந்தக் கேற்றுக்கு மேல 1 மெகாஓம் பின்னூட்டம். சதுர அலையைப் பிக் 12எப்675 என்ற சின்ன மைக்ரோகொன்ட்ரோலருக்கு வெளிக் கிளொக்காகக் குடுத்தால் ஒரு கட்டளைக்கு 4 கிளொக், 25 லட்சம் கட்டளைச் சுற்றுக்கு ஒரு துடிப்பு. இதுவும் ஒரு 1 பீ.பீ.எஸ்.

ரெண்டுக்கும் இடையில உள்ள நேரத்தை இண்டைக்கு விடிய 6 மணிக்கும் நாளை 6 மணிக்கும் ஸ்கோப்பில குறிச்சு வையுங்க. 86.4 மைக்ரோ செக்கன் நகர்ந்தால் நூறு கோடியில் ஒரு பங்கு பிழை. அதே மணி என்றது முக்கியம்: அறையின் சூடும் அயனமண்டலத் தாமதமும் பகல் இரவுக்கு மாறும்.

பெட்டி பற்றி: மீன் ஏத்துற றெஜிபோம் பெட்டியை மூடி வைச்சால் உள்ளே சூடு ஏறி ஏறி, ஓவனுக்குக் கட்டுப்படுத்த இடமே இல்லாமப் போயிடும். ஓவன் கரண்ட் பூச்சியத்தை நெருங்கினால் அதுதான் அறிகுறி. காற்று நேரா அடிக்காம ஒரு மரப்பெட்டி காணும். வாவிக் காற்றில எட்ஜ் கனெக்ரர் பச்சை பிடிக்கும், அதனால ஒரு பை சிலிக்கா ஜெல். வைச்ச பக்கத்தைப் பிறகு புரட்டாதீங்க, கவிழ்த்தாலே அதிர்வெண் மாறும்.

கல்லடிப்பாலம்
நன்றி நானா. பிக் வர முந்தி, 1 பீ.பீ.எஸ்ஸில ட்ரிகர் பண்ணிச் சைன் அலையைப் பார்த்தால் அசையாம நிற்குது. கவுண்டர் 2 ஹேர்ட்ஸ் கூடக் காட்டுது. எது பொய்?

வாவிக்கரை
ஸ்கோப்பை வைத்து அதை முடிவெடுக்க ஏலாது, தம்பி. செக்கனுக்கு ஒருக்காத்தான் பார்க்கிறீங்க. பிழை சரியா 1, 2, 3 ஹேர்ட்ஸ் என்றாலும் அலை நின்றமாதிரியே தெரியும். கவுண்டருக்கு அதே 1 பீ.பீ.எஸ்ஸைக் கேற்றாகக் குடுத்து எண்ணுங்க. கரடு திருகாணியால அரை ஹேர்ட்ஸுக்குள்ள கொண்டு வந்த பிறகுதான் ஸ்கோப். அப்ப 10 செக்கனுக்கு ஒரு முழு அலை நகர்ந்தால் 0.1 ஹேர்ட்ஸ் பிழை. இடப்பக்கம் ஓடினால் ஒசிலேற்றர் வேகம்.

சிற்றலை றேடியோ இருந்தால் சீனாவின் நேரக்குறி நிலையம் பீ.பீ.எம் 10 மெகாஹேர்ட்ஸிலும் அடிக்குது. எடுபடுற இரவில அதோட பீற் (ரெண்டு அலையும் சேர்ந்து ஏறி இறங்குற சத்தம்) கேட்டால் 2 ஹேர்ட்ஸ் பிழை காதுக்கே பிடிபடும். அயனமண்டலம் ஆடுறதால ஒரு ஹேர்ட்ஸுக்குக் கீழ அதை நம்ப வேணாம்.