அடுத்த வேலை வரும்வரை எதை நோண்டிக்கொண்டிருந்தீர்கள்?

கம்பத்துக்காரன்:

பெங்களூரில் நான் இருந்த டீமையே கலைத்துவிட்டார்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பத்துக்கு வந்து சேர்ந்தேன். வேலை தேடுவது நாள் முழுக்கச் செய்கிற வேலை இல்லை. காலையில் நாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டால் அப்புறம் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்தச் சும்மா நேரத்தில் யார் யார் எதைக் கையில் எடுத்தீர்கள் என்று கேட்கத்தான் இதை ஆரம்பிக்கிறேன். கேரள எல்லை, ஆந்திர எல்லைப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். முடித்ததுதான் என்றில்லை, பாதியில் கிடப்பதையும் எழுதுங்கள்.

என் கதை இது. தாய்மாமாவுக்குக் கேரள மலையில், வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம், கூடவே காய் உலர்த்தும் ஸ்டோர். மலை ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். பறித்த பச்சைக்காயைப் போட்டு வைக்க முடியாது, அன்றோ மறுநாளோ ஸ்டோரில் ஏற்றியாக வேண்டும். வெளியே விறகு எரியும், அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றும். தட்டுகளில் பரப்பிய காய் 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு பகல், ஒரு ராத்திரி கிடந்து காயும். பச்சைக்காயில் 80 சதவீதம்போல ஈரம், காய்ந்த பிறகு 10, 12 சதவீதம்தான். 5 கிலோ போட்டால் 1 கிலோ தேறும். சூடு கூடினால் காய் வெடிக்கும், பச்சை வெளுக்கும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். புத்தடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் போகும்போது நிறம், பருமன், எடை பார்த்துத்தான் விலை கேட்பார்கள். ஆக, விடிய விடிய ஒருத்தர் முழித்திருந்து விறகு தள்ளணும்.

எனக்குத் தோன்றியது எல்லா சாஃப்ட்வேர்க்காரனுக்கும் தோன்றுவதுதான்: சென்சார், கிளவுட், ஆப், கிராஃப். மாமாவிடம் சொன்னேன். "செய் மாப்ள, காயை மட்டும் கெடுத்துராத" என்றார்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் உத்தமபாளையம் பக்கத்துப் பெரியவர். அவருடைய கருவிகள் இரண்டு. புறங்கையைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். ஒரு கைப்பிடிக் காயை அள்ளிக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை உருளும் சத்தம் தெளிவாகக் கேட்டால் "முடிஞ்சிருச்சு" என்று விறகை இழுத்துவிடுவார். ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் சூடு அளக்கும் டிஎஸ்18பி20 சென்சாரை மாட்டி அறை நடுவே தொங்கவிட்டேன். எட்டிப் பார்த்தார். "தம்பி, ஒம் பொட்டி 48-ங்குது. கீழ்த்தட்டுக் காயைத் தொட்டுப் பாரு, அது வேற சொல்லும்."

உண்மைதான். குழாய்க்கு மேலேயே இருக்கும் கீழ்த்தட்டு ஒரு கணக்கு, ஆவி போய் முட்டும் மேல்தட்டு ஒரு கணக்கு. எங்கெங்கே மாட்டுவது என்பதை அவர்தான் முடிவு செய்தார், கம்பி போட்டுக் கட்டியதும் அவரே. டிஎஸ்18பி20-இல் ஒரு வசதி, ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே தனி எண் உண்டு. ஆகவே எத்தனை சேர்த்தாலும் ஒரே ஒயரில் கோத்துவிடலாம். ஈரப்பதத்துக்கு டிஹெச்டி22 சென்சார் போடச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். ஆவி கட்டி நிற்கும் அறையில் அது கொஞ்ச நாளில் கதை அளக்க ஆரம்பிக்கும். எஸ்ஹெச்டி31 என்ற சென்சார் விலை கூடுதல், ஆனால் தாங்குகிறது. மேலே நெட் கிடையாது, அதனால் ஸ்டோரிலிருந்து சிக்னல் கிடைக்கும் வீடு வரைக்கும் லோரா, அதாவது குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ. இந்தியாவில் இதற்கு உரிமம் கேட்காத அலைவரிசைப் பட்டை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 433 என்று எழுதிய மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

ஆப் கதைக்கு வருகிறேன். பெரியவருக்குப் போனில் காட்டினேன். "ராத்திரி கண்ணாடியைத் தேடி, அப்புறம் போனைத் தேடி..." என்று நிறுத்திக்கொண்டார். அவருக்கு வேண்டியது அடுப்பு வாய்க்கு மேலே ஒரு பல்பு. சூடு கூடினால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள், தூங்கிப்போனால் எழுப்ப ஒரு மணி. அதுதான் இன்றுவரை ஓடுகிறது. கிராஃப் பார்ப்பது மாமா மட்டும், அதுவும் கம்பத்தில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில்.

ரெஸ்யூமேயில் போடலாம் என்று முன்னால் ஆரம்பித்த சாட்பாட், செலவுக் கணக்கு ஆப் எல்லாம் புரோகிராம்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஏன் ஓடவில்லை என்று யாரும் கேட்டதில்லை. ஸ்டோர்ப் பெட்டி நின்றால் சாயங்காலம் கீழே இறங்கும் தோட்ட ஜீப்பிலேயே சேதி வந்துவிடும். ஆர்வம் இருந்தால் முடித்துவிடலாம் என்பார்கள். என்னை முடிக்க வைத்தது இந்த நச்சரிப்புதான்.

செங்கோட்டைக்காரி:

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையிலிருந்து நானாகத்தான் விலகினேன். அடுத்தது கிடைக்க நினைத்ததைவிட நாளாயிற்று.

எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பரணில் கிடக்கும் பத்திரங்களில் தேதியெல்லாம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. பாகப்பிரிவினை விஷயமாக அதையெல்லாம் ஆங்கிலத் தேதியில் எழுதித் தரச் சொன்னார் அப்பா. கையால் போடுவதற்குப் பதில் ஒரு வெப் பக்கம் செய்துவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

வருஷம் மாற்றுவது சுலபம். வருஷம் பிறக்கும் சிங்கம் (நம் ஆவணி) முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் கர்க்கடகம் (நம் ஆடி) முடிய 825. கொல்லம் 1099 கர்க்கடகம் என்றால் 1924 ஜூலை, ஆகஸ்ட். மலையாளத்துப் பெரியவர்கள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்களே, மூணாறில் ஓடிய சின்ன ரயிலை அடித்துக்கொண்டு போன வெள்ளம், அது இந்தச் சமயம்தான்.

தேதிதான் படுத்தியது. சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்குள் நடந்தால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாதம் பிறந்துவிடும். மலையாளக் கணக்கில் பகலில் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள், அதாவது மதியம் ஒரு மணி சுமாருக்குள் நடக்க வேண்டும். தாண்டினால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. ஆகவே ஆடி 1-ம் கர்க்கடகம் 1-ம் சில வருஷம் ஒரே நாள், சில வருஷம் அடுத்தடுத்த நாள். டெஸ்டிங்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? வேலை இல்லாத கவலையே கொஞ்ச நாள் மறந்துபோனது.

ஊரில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு தாத்தா இருக்கிறார், இப்போது எழுதுவதில்லை. மலையாள எழுத்து, தமிழ் எழுத்து இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்தைத் திறந்து காட்டினேன். நான் தேதியைத் தட்டி முடிப்பதற்குள் அவர் விடை சொன்னார். சில தேதிக்கு என் விடையும் அவர் விடையும் ஒரு நாள் தள்ளி நின்றன. யார் சொல்வது சரி என்று கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினோம். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு உண்டு, ஆனால் மாதம் ஆவணி, புரட்டாசி என்று இருக்கும். "அப்படிப்பட்ட பத்திரத்துக்கு எந்த விதி தாத்தா?" என்று கேட்டேன்.

"எழுதினவன் எந்தப் பஞ்சாங்கத்தைப் பக்கத்துல வச்சிருந்தானோ, அதும்மா."

இதற்குப் புரோகிராம் எழுத முடியாது. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் பக்கம் ஒரு தேதி காட்டும், ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதில் எனக்கு ஒரு திருப்தி.

இண்டர்வியூ ஒன்றில், கண்டுபிடித்ததிலேயே கஷ்டமான புரோகிராம் பிழை எது என்று கேட்டபோது இதைச் சொன்னேன். எதிரே இருந்தவர் திருவனந்தபுரத்துக்காரர். அவர் வீட்டுப் பத்திரம் பற்றியே பேச்சு ஓடியது. வேலை கிடைக்கவில்லை, பக்கத்தின் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

குமுளி கடை:

எல்லாம் சரி. படித்தால் வீட்டுக் கடன் இல்லாதவர்கள் எழுதியது போல இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேலை போனதும் அடுத்த மாதத் தவணை வாசலில் நின்றது. குமுளியில் மசாலாக் கடையில் சேர்ந்து, தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்கு மிளகும் கிராம்பும் நிறுத்துக் கொடுத்தேன். ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்து எவன் புரோகிராம் எழுதுவான்?

ஒன்று செய்தேன், அதுவும் முதலாளி கேட்டதால். பில் தமிழிலும் மலையாளத்திலும் வர வேண்டும் என்றார். இரண்டு அங்குல தெர்மல் பிரிண்டருக்கு நம் எழுத்தும் தெரியாது, மலையாளக் கூட்டெழுத்தும் தெரியாது. அனுப்பினால் கட்டம் கட்டமாகத் துப்பும். பில்லை எழுத்தாக அனுப்பாமல், முழுசாகப் படமாக மாற்றி அனுப்பினால் ஒழுங்காக அச்சாகிறது. அச்சாவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். யாராவது தேடிக்கொண்டிருந்தால் உதவட்டும்.

கம்பத்துக்காரன்:

கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். எனக்கு வாடகை இல்லை, சோறு அம்மா போட்டார். அது இல்லாமல் இந்தப் பெட்டி இல்லை. ஆனால் அண்ணே, நீங்கள் செய்ததும் ப்ராஜெக்ட்தான். முதலாளி நச்சரித்தாரா இல்லையா?

நகரிப் பொண்ணு:

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் டிசைனர் வேலை, ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் இன்னும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான். புத்தூர், நகரி, திருத்தணி, பிச்சாட்டூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை என்று பஸ் வழிகளை இரண்டு எழுத்திலும் போட்டு ஒரு பெரிய படம் வரைய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வேலை இருக்கும்போது எங்கே நடக்கிறது?

அடிப்படைக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் எடுத்தேன், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம் அது. எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்கள் பலவற்றுக்குத் தமிழ்ப் பெயரே இல்லை. ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தேன். திருப்பதியிலிருந்து ஒருவர் குறிப்பு அனுப்பினார், ஊர்ப் பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் முதல் பெயர், அதை மாற்றாதீர்கள் என்று. சண்டைக்கு வருகிறாரோ என்று பார்த்தால், இல்லை. தமிழ்ப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அங்கே தாராளமாகப் போடுங்கள் என்று அவரே வழி சொன்னார். கடைசியில் பங்கு பிரித்துக்கொண்டோம்: திருத்தணிப் பக்கத்து ஊர்களுக்குத் தெலுங்குப் பெயர் அவர் போடுகிறார், இந்தப் பக்கத்துக்குத் தமிழ்ப் பெயர் நான்.

பெயர் சொல்லித் தருவது எங்கள் அத்தைப் பாட்டி. ஊர்ப் பெயரைக் கேட்டால் அந்த ஊரில் யார் யார் சம்பந்தி என்றுதான் முதலில் சொல்லும், பெயர் அப்புறம்தான் வரும். பலகையில் ஒன்று இருக்கும், பாட்டி வாயில் ஒன்று வரும். நான் பாட்டி சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

படம் பாதிதான் ஆகியிருக்கிறது. அந்தப் பாதியையே அச்சடித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒட்டினேன். டீ மாஸ்டர் சட்டைப் பாக்கெட்டில் இருந்த பேனாவால் இரண்டு ஸ்டாப்பை இடம் மாற்றிக் குறித்துவிட்டார், கேட்கக்கூட இல்லை. அவர் சொன்னதுதான் சரி. இன்னொன்று, அந்த வரைபடத்தை வைத்து அச்சடித்தால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்று ஓரத்தில் போட வேண்டும், அது அவர்கள் உரிமத்தில் இருக்கிறது. டிசைன் அழகு கெடுகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

போடி மாணவன்:

கம்பத்து அண்ணா, ஒரு சந்தேகம். நாளைக்குப் புதுக் கம்பெனியில் சேர்ந்தால் இந்த ஸ்டோர்ப் பெட்டி அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமா? மாமாவிடம் காசு வாங்கினீர்களா?

கம்பத்துக்காரன்:

தம்பி, வேலையில் இருக்கும்போது செய்வதெல்லாம் எங்களுக்கே என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள், ராத்திரி வீட்டில் செய்ததையும் சேர்த்து. சேருவதற்கு முன்னால் செய்தது உன்னுடையது, ஆனால் அது முன்னால் செய்தது என்று காட்டத் தெரியணும். கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுசாகப் படி. ஏற்கெனவே செய்தவற்றைப் பட்டியல் போட ஒரு இணைப்புத் தாள் இருக்கும், அதை வெறுமையாக விட்டுவிடாதே. இல்லையென்றால் கேட்டு வாங்கு. நான் சேரும் தேதிக்கு முன்பே புரோகிராம் முழுவதையும் கிட்ஹப்பில் எம்ஐடி உரிமத்தோடு (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற உரிமம்) போட்டுவிட்டேன், தேதி அங்கேயே நிற்கும். அதற்குப் பிறகு புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் மேலாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவிடம் சாமான் காசு மட்டும் வாங்கினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார், நானோ இப்போது புது வேலையில், பெங்களூரில். சாமான் பட்டியலும் படமும் தருகிறேன், எங்கே கட்டுவது என்று பெரியவர் காட்டிவிடுவார். சால்டரிங் நன்றாகத் தெரிந்த ஆள் கம்பம், கூடலூர் பக்கம் யாராவது வேலைக்குக் காத்திருந்தால் தனியாகச் சேதி போடுங்கள். கூலி அவர் தருவார், நானும் பேசிவிட்டேன்.