நூர்வா, தணிப்பா, உடைப்பா?

உப்புவெளியிலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீகடத்திக் கம்பியால் ஆன காந்தம் திடீரென்று அந்த மீகடத்தும் நிலையை இழந்துவிடுவதை ஆங்கிலத்தில் குவென்ச் என்கிறார்கள். நான் இதுவரை அதைத் "தணிப்பு" என்று சொல்லிவந்தேன். போன கிழமையோடு அது செல்லாக்காசாகிவிட்டது.

உயர்தர வகுப்பில் தடைத்திறனும் வெப்பநிலையும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1911இல் லைடன் நகரத்தில் கமர்லிங் ஒன்ஸ் பாதரசத்தைத் திரவ ஈலியத்தால் குளிர்வித்தபோது 4.2 கெல்வின் (கிட்டத்தட்ட -269 பாகை செல்சியஸ்) அளவில் தடை காணாமல் போன கதையைச் சொன்னேன். பிள்ளைகளின் முகத்தில் தூக்கம். சரி என்று பிரான்சில் சக்லே ஆய்வகத்தில் இருக்கும் எம்ஆர்ஐ காந்தத்துக்குத் தாவினேன். காந்தப்புலத்தின் வலிமை 11.7 தெஸ்லா. எடை 132 தொன். உள்ளே 182 கிலோமீற்றர் மீகடத்திக் கம்பியும், 1.8 கெல்வினில் 7500 லீற்றர் ஈலியமும். 2024இல் அதற்குள் ஆளைப் படுக்கவைத்து மூளையைப் படமெடுத்து வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக இருப்பது 1.5 அல்லது 3 தெஸ்லாதான் என்றதும் வகுப்பு நிமிர்ந்தது.

கிண்ணியாவிலிருந்து வரும் பையன் ஒருவன் கேட்டான்: "சேர், அதில ஒரு இடம் மட்டும் கொஞ்சம் சூடானா?"

இதைவிட நல்ல கேள்வியை இந்த வருடம் யாரும் கேட்கவில்லை. சாதாரண எம்ஆர்ஐ காந்தத்தின் கம்பி நயோபியமும் தைத்தேனியமும் சேர்ந்த கலப்புலோகம். 9 கெல்வினுக்குச் சற்று மேலே போனால் அது மீகடத்தி அல்ல. ஈலியம் அதை 4.2 கெல்வினில் வைத்திருக்கிறது. பெரும் காந்தவிசையில் கம்பி ஒரு மயிரிழை அசைந்தாலும், அதைப் பிடித்திருக்கும் பசையில் ஒரு கீறல் விழுந்தாலும், அந்த இடத்தில் துளி வெப்பம் பிறக்கும். அவ்வளவு குளிரில் எந்தப் பொருளின் வெப்பக் கொள்ளளவும் மிகச் சிறியது. துளி வெப்பமே போதும். அந்த இடத்தில் தடை திரும்பி வரும். நூற்றுக்கணக்கான அம்பியர் அதற்குள்ளால் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே இன்னும் வெப்பம், பக்கத்துச் சுற்றும் சூடு. சில விநாடியில் சுருள் முழுவதும் போய்விடும். காந்தப்புலத்தில் சேர்த்துவைத்திருந்த சக்தியெல்லாம் வெப்பமாகி ஈலியம் கொதித்தெழும். ஒரு லீற்றர் திரவம் அறை வெப்பநிலைக்கு வந்தால் 700 லீற்றருக்கு மேல் வாயு. கம்பி உருகாமல் இருப்பது அதைச் சுற்றியுள்ள செப்பின் புண்ணியம். மின்னோட்டம் தற்காலிகமாகச் செப்புக்கு மாறிவிடும்.

"இதைத்தான் தணிப்பு என்பார்கள்" என்று முடித்தேன். "தணியிறதெண்டா சூடு குறையிறதெல்லோ சேர்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பின் வாங்கிலிருந்து இன்னொருவன், "அப்ப காந்தம் நூர்ந்திட்டுது" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கோ சொல் கிடைத்துவிட்டது போல இருந்தது. நூர்வு. என்ன சொல்கிறீர்கள்?

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, நல்ல கேள்வி. ஆனால் "நூர்" என்றால் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது. விளக்கு அணைவதைத்தான் சொல்கிறீர்கள் என்று ஊகித்தேன். "அணைவு" என்று வைக்கலாமே என்று எனக்கே தோன்றியது, பிறகு விட்டுவிட்டேன். தழுவுவதும் அணைப்பு, ஆற்றைத் தடுப்பதும் அணை.

தணிப்பை எடுத்துவிட வேண்டும் என்பதில் உடன்பாடு. ஒளிர்வு குறைவதற்கு அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். கொல்லர் பழுத்த இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பதும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே மூன்று இடத்திலும் ஒட்டத் தேவையில்லை.

என் பரிந்துரை "நிலைகுலைவு". பொருள் இருக்கும் விதத்தைத்தானே இயற்பியலில் நிலை என்கிறோம்? அந்த நிலை குலைகிறது. விளக்கு அணைவது சாதுவான காரியம். 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுமார் 6 டன் ஈலியம் வெளியேறியது, காந்தங்கள் தாங்கிகளிலிருந்தே பெயர்ந்தன, 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. மறுபடி துகள்கற்றை ஓட 2009 நவம்பர் ஆயிற்று. இதை விளக்கு அணைந்தது என்பீர்களா?

கந்தளாயிலிருந்து:

நான் பௌதிகவியல் படித்தவனல்ல, நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். வாத்தியார் எழுதியதை வாசித்ததும் எனக்கு 1986 ஏப்ரல் 20தான் ஞாபகம் வந்தது. எங்கள் குளம் உடைப்பெடுத்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போன நாள். குளக்கட்டில் உடைப்பு என்பது ஒரு இடத்தில் தொடங்கும். பிறகு தண்ணீரே தனக்கு வழி வெட்டிக்கொள்ளும். தேக்கி வைத்தது அவ்வளவும் வெளியே. நீங்கள் சொல்வதும் அதுவே. "உடைப்பு" என்று வையுங்கள்.

எம்ஆர்ஐ பிரிவில் வேலை செய்பவர், ஊர் திருகோணமலை, வேலை வெளியூரில்:

சேருக்கும் கந்தளாய் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, நீங்கள் சொன்ன ஒப்பு சரி, சொல் வேண்டாம். காந்தத்தில் உடைப்பு என்று நான் மேலிடத்துக்கு எழுதினால் புதுக் காந்தம் வாங்கக் காசு எங்கே என்று கேட்பார்கள். பெரும்பாலும் காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. திரும்பக் குளிர்வித்து, ஈலியம் நிரப்பி, ஓட்டத்தை மெல்ல ஏற்றினால் பழையபடி வேலை செய்யும். செலவும் நாட்களும்தான் போகும்.

சுவரில் ஒரு பொத்தான் இருக்கிறது, நாங்களே வேண்டுமென்று இதைச் செய்வதற்கு. ஆள் ஒருவரை இரும்புச் சாமான் காந்தத்தோடு நெரித்துப்பிடித்து உயிருக்கு ஆபத்து என்றால்தான் அதில் கை வைப்போம். நோயாளிக்கு இதயம் நின்றால் பொத்தானை அழுத்தக்கூடாது, ஆளை அறைக்கு வெளியே இழுத்து வந்துதான் முதலுதவி. புலம் இறங்கும்வரை காத்திருக்க அங்கே நேரமில்லை. தானாக நடப்பதையும் நாங்கள் செய்வதையும் பிரித்துக் காட்டும் சொல் எனக்கு வேண்டும்.

இன்னொன்று. "நூர்ந்திட்டுது" என்று நான் கத்தினால் யாரும் ஓடமாட்டார்கள், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அப்படியே நிற்பார்கள். ஈலியம் அறைக்குள் வந்தால் ஒட்சிசனைத் தள்ளிவிடும். அமுக்கம் கூடி, உள்ளே திறக்கும் கதவைத் திறக்கவே முடியாமலும் போகலாம். அந்த நேரம் கலைச்சொல் எதற்கு, "வெளியே வாங்கோ" போதும்.

பி.கு.: ஈலியத்தைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடும் குழாய்க்கும் ஒரு பெயர் வையுங்கள். அது அடைபட்டிருந்தால் வாயு அறைக்குள் வரும்.

கந்தளாயிலிருந்து:

அது வான், பிள்ளை. குளத்துக்கு வான் இருப்பது மிச்சத் தண்ணீர் கட்டை உடைக்காமல் பாய்ந்து போகத்தான். உடைப்பை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வான்குழாய் என்று வையுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

இங்கே அதைக் கலிங்கு என்போம். ஆனாலும் வான்குழாய் என்றால் எங்களுக்கும் புரியும், வானத்தை நோக்கிப் போகிற குழாய் என்று நினைத்துக்கொள்வோம். கூரைக்கு மேலேதானே போகிறது! தவறாகப் புரிந்துகொண்டாலும் சரியாகவே வரும் சொல் எத்தனை நாளைக்கு ஒருமுறை கிடைக்கும்? என் வாக்கு இதற்கு. நூர்வுக்கு இன்னும் இல்லை.

உப்புவெளியிலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்:

வான்குழாய் முடிந்தது. அதில் இனி யாரும் கை வைக்க வேண்டாம்.

கோயம்புத்தூர் நண்பருக்கு. 2008இல் முதலில் பழுதானது இரண்டு காந்தங்களுக்கு இடையே இருந்த மின் இணைப்பு. அங்கே தீப்பொறி பாய்ந்து ஈலியக் கலத்தைத் துளைத்ததால்தான் அவ்வளவு நாசம். அந்த விபத்தை வைத்துப் பெயர் சூட்டினால், எந்தக் காந்தத்தில் இது நடந்தாலும் நாசம் என்று பிள்ளை நினைக்கும். புதிய காந்தங்களில் இதை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப நடக்கவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் கம்பி இருப்பிடம் பார்த்து அமர்ந்துகொள்ளும், அடுத்த தடவை கூடுதல் ஓட்டம் தாங்கும். காளையை வண்டிக்குப் பழக்குவது மாதிரி. "பழக்கு நூர்வு" என்று அதைச் சொல்லலாம். பழக்கு நிலைகுலைவு என்று ஒரு பிள்ளை பரீட்சைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும், பாவம்.

எம்ஆர்ஐ தங்கச்சி கேட்ட வேறுபாடு நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. தானாக நடந்தால் நூர்ந்தது, நூர்வு. பொத்தானை அழுத்தினால் நூர்த்தது, நூர்ப்பு. சுவரில் இருப்பது நூர்ப்புப் பொத்தான். நிலைகுலைவு, நிலைகுலைப்பு என்றும் பிரிக்கலாம், மறுக்கவில்லை, நீளம்தான் பயமுறுத்துகிறது.

எனக்கு நூர்வில் பிடித்தது வேறொன்று. மீகடத்தும் நிலை போன பகுதியை ஆங்கிலத்தில் "இயல்பான" பகுதி என்பார்கள். நாம் அதை இயல்புப் பகுதி என்று எழுதி, அது பரவினால் ஆபத்து என்றும் எழுதுகிறோம். இயல்பு பரவினால் என்ன ஆபத்து என்று பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? "நூர்ந்த பகுதி" என்றால் அந்தச் சிக்கலே இல்லை. அது பரவும் வேகம் "நூர்பரவல்".

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகக் குழுவினர் 20 கெல்வினில் வேலை செய்யும் மீகடத்தி நாடாவால் 20 தெஸ்லா காந்தம் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். இந்தப் புதிய நாடாக்களில் நூர்பரவல் மிக மெதுவானது. நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அதுதான் தலைவலி. பழைய கம்பியில் நூர்வு மளமளவென்று பரவி வெப்பத்தைச் சுருள் முழுவதும் பகிர்ந்துவிடும். இங்கே ஒரு மூலையில் நூர்ந்து, அளவிகளுக்கு எட்டும் மின்னழுத்தம் வருவதற்குள் அந்த இடம் மட்டும் கருகிவிடலாம். அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்படி என்பதில்தான் இப்போது ஆய்வு நடக்கிறது. உடைப்பு, குலைவு என்ற சொற்கள் வேகத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. நூர்வு சொல்லாது. விளக்கு பட்டென்றும் நூரும், எண்ணெய் வற்றி மெல்லவும் நூரும்.

எம்ஆர்ஐ பிரிவில் வேலை செய்பவர்:

சேர், நான் மாறிவிட்டேன். காரணம் வேறு. இங்கே கரண்ட் நின்றால் கூட்டித் துடைக்க வருபவர்கள், இயந்திரம் ஓடவில்லைத்தானே என்று இரும்பு வாளியோடு உள்ளே வரப் பார்க்கிறார்கள். மீகடத்தியில் ஓட்டம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும், காந்தம் இரவும் பகலும் அப்படியே இருக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை. கதவில் இப்படி ஒட்டலாமா?

"லைற் நூர்ந்தாலும் காந்தம் நூராது."

கோயம்புத்தூரிலிருந்து:

இதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? நூர்வு முதன்மைச் சொல், நிலைகுலைவு மாற்றுச்சொல் என்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். இங்குள்ள வாசகருக்கு "நூர்தல்: விளக்கு முதலியன அணைதல்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

உப்புவெளியிலிருந்து, பௌதிகவியல் ஆசிரியர்:

சேருங்கள். தங்கச்சி, "லைற்" என்பதை "மின்விளக்கு" ஆக்கச் சொல்லி யாராவது வந்தால் விடாதீர்கள், வாளியோடு வருபவர் வாசிக்க வேண்டிய பலகை அது. மூன்று மொழியிலும் வைக்க வேண்டும் அல்லவா? உங்களோடு வேலை செய்யும் சிங்களப் பிள்ளைகள் இந்த நூர்வை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கிண்ணியாப் பையனிடமும் பின் வாங்குக்காரனிடமும் சொல்ல எனக்கு ஒரு காரியம் இருக்கிறது.